இந்த நிமிடம் அங்கே

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். ஊர் வந்து சேர்ந்தேன். உங்கள் படகு ஆடிய ஆட்டத்தில் வயிறு மட்டும் இரண்டு நாள் தனியாக மிதந்துகொண்டிருந்தது, மற்றபடி சுகம். நீ எப்படி இருக்கிறாய்? அத்தானின் முழங்கால் வலி தேவலையா?

விஷயத்துக்கு வருகிறேன். போன வருடப் புயலுக்குப் பிறகு உங்கள் ஏரிப் பக்கம் ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. அதனால் விடுதிகளுக்காக அரசாங்கமே காசு போட்டு விளம்பரம் செய்கிறது. அதில் கம்பியும் கருவியும் என் பொறுப்பு. இதையெல்லாம் அங்கேயே சொன்னேன். நீ தலையாட்டினாய், அத்தான் கொட்டாவி விட்டார். அதனால் இன்னொரு முறை. உங்கள் பழைய படகுத்துறையின் கம்பத்தில் நான் கட்டிய கேமரா எடுக்கும் படம், நான் இழுத்த தனிக் கம்பி வழியாக, இங்கே ரயில் நிலையக் கூடத்தில், சுவர் அகலத்துக்கு இருக்கிற திரையில், அதே நேரத்தில் தெரியும். மேலே 'இந்த நிமிடம் அங்கே' என்று எழுதியிருக்கும். பக்கத்திலேயே அறை பதிவு செய்யும் ஜன்னல். பார்க்கிறவன் மயங்கி நிற்கும்போதே சீட்டைக் கையில் திணித்துவிட வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். மணிக்கு ஒரு விடுதி. உங்களுக்கு மாலைப் பொழுது, என் செல்வாக்கு. ஒரே நிபந்தனை, படம் நிஜமாகவே அந்த நிமிடத்துப் படமாக இருக்க வேண்டும். ஒரு வாரம் வராமல் போனால் உங்கள் நேரம் வரிசையில் நிற்கும் அடுத்த விடுதிக்குப் போய்விடும்.

நேற்று முதல் நாள். அத்தான் அரிக்கேன் விளக்கோடு வந்து கம்பத்தில் மாட்டினார். இங்கே திரையில் இரண்டு ஆள் உயரம். கூடத்தைப் பெருக்குகிற அம்மா துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு நின்றாள்.

"சினிமாவா தம்பி?"

"இல்லம்மா, எங்க அத்தான்."

"சும்மா நின்னு பாக்கலாமா, இதுக்கும் காசு கேப்பியா?"

போன் கோபுரம் இன்னும் படுத்தே கிடக்கிறதாமே. தபால் படகுதான் கதி. சீக்கிரம் பதில் போடு, உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஜனவரி 28

அவசரக்குடுக்கைக்கு,

அக்காவின் ஆசிகள். நாங்கள் இருவரும் நலம். முழங்கால் வலி குளிர் குறைந்தால் குறையும் என்கிறார்.

ஏரி இப்போது காலையில் இருப்பதே தெரிவதில்லை. ஜன்னலைத் திறந்தால் வெறும் வெள்ளை. எட்டு அறையும் காலிதான். ஆனாலும் தினம் ஒரு கட்டிலில் மதியம் கொஞ்ச நேரம் படுத்துக்கொள்கிறேன். ஆள் படுக்காத மெத்தைக்கு ஒரு வாசனை வந்துவிடுகிறது. மூன்றாம் அறையில் படுத்தால் தண்ணீர்ச் சத்தம் கட்டிலுக்கு அடியிலிருந்து வருகிறது. எழுந்திருக்கும்போது நானே வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பது போல் இருக்கும். யாரோ எனக்குக் காபி கொண்டுவரப் போகிறார்கள் என்று காத்திருப்பேன். யாரும் வரமாட்டார்கள். பிறகு நானே போய்ப் போட்டுக்கொள்வேன்.

நீ எழுதியதை உன் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். "அங்க அவ்வளவு பெருசா இருக்கேன்னா, இங்க எனக்கு என்ன வேலை?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். புயலுக்குப் பிறகு படகெல்லாம் வடக்குத் துறைக்குத்தான் போகிறது. நம் துறையில் எங்கள் சின்னப் படகு ஒன்றுதான் கட்டியிருக்கிறது. அங்கே விளக்கு தேவையே இல்லை. இருந்தாலும் அந்தி சாய்ந்தால் எடுத்துக்கொண்டு போகிறார். மரங்கள் மறைப்பதால் வீட்டிலிருந்து துறை தெரியாது. திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்ட பிறகு சாப்பாடு எடுத்து வைப்பேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. நின்றுகொண்டு சாப்பிடாதே.

அக்கா


பிப்ரவரி 24

அக்காவுக்கு,

நலம். உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன், போதுமா? அங்கே இருவரும் எப்படி?

இந்த மாத நடுவில் அடித்த காற்றில் உங்கள் பக்கத்துப் படம் சில நாள் வரவில்லை. சரி செய்துவிட்டேன். எப்படி என்று கேட்காதே, சொன்னாலும் புரியாது. நேரம் கைவிட்டுப் போகவில்லை, அதுதான் முக்கியம்.

அத்தான் இங்கே பெரிய ஆள். 'விளக்குக்காரர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மாலை ரயிலுக்கு வருகிறவர்கள் கொஞ்சம் முன்னதாகவே வந்து நிற்கிறார்கள். அவர் விளக்கை மாட்டிவிட்டு ஒரு நிமிடம் திரும்பிப் பார்ப்பாரே, அப்போது சில பேர் கை ஆட்டுகிறார்கள். படித்தவர்கள், பெட்டியும் கையுமாக! அவருக்குத் தெரியாது, கேட்காது என்று தெரிந்தும் ஆட்டுகிறார்கள். மனிதர்களைப் பற்றி எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு, இப்போது உறுதியாகிவிட்டது.

பதிவு ஜன்னலில் உங்கள் விடுதிக்கு முதல் சீட்டு கிழித்தாகிவிட்டது. மெத்தையைத் தட்டி வை. அத்தானிடம் சொல், சந்தோஷப்படுவார்.

தம்பி


மார்ச் 30

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. நான் சுகமாக இருக்கிறேன். உனக்குச் சளி பிடிக்காமல் இருக்கிறதா?

விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும். வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் எனக்கு 'வாங்க' என்று சொல்லவே குரல் எழும்பவில்லை. பெட்டியைக் கீழே வைப்பதற்குள் அந்த அம்மா கேட்டாள்.

"விளக்குக்காரர் எங்க?"

அக்கரைக்குப் போயிருக்கிறார், சாமான் வாங்க, என்றேன்.

"அதுக்குள்ளயா? நேத்து சாயங்காலம் ஸ்டேஷன்ல பாத்துட்டுத்தானே ரயில் ஏறினோம்!"

நான் காபி போடப் போய்விட்டேன். நான்கு நாள் தங்கினார்கள். தினமும் மாலையில் அந்த அம்மா தலை வாரிக்கொண்டு வந்து வராந்தாவில் உட்காருவாள். பெரிய கடையா, தூரமா, என்றெல்லாம் கேட்டாள். ஆமாம் என்று எல்லாவற்றுக்கும் சொன்னேன். போகும்போது, "பரவால்ல, ஊருக்குப் போயி ஸ்டேஷன்ல பாத்துக்கறோம்" என்று சிரித்தாள்.

ஒன்று கேட்கிறேன். உன் திரையில் தினமும் அவர் வருகிறாரா? ஒரு நாள் விடாமலா?

அக்கா


ஏப்ரல் 8

அக்காவுக்கு,

நலம், சளி இல்லை. என்ன கேள்வி இது! தினமும்தான் வருகிறார். ஒரு நாள் விடவில்லை. நான் கருவி அறையில் உட்கார்ந்து பார்க்கிறேன், கூடமே பார்க்கிறது. வீட்டில் இருக்கும் மனிதரைப் பற்றி இவ்வளவு தொலைவில் இருக்கிறவனிடம் கேட்கிறாயே, நன்றாக இருக்கிறது!

அதை விடு. என் மேலதிகாரிக்கு அத்தான் மேல் காதலே வந்துவிட்டது. அவர் விளக்கு மாட்டுகிற படத்தை ஊரெங்கும் ஒட்டப் போகிறாராம். அதற்கு அத்தானின் சம்மதம் வேண்டும். ஒரு துண்டுத் தாளில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல். கொட்டாவி விடுவதற்கு முன் வாங்கிவிடு.

போன கடிதத்தில் அவர் முழங்கால் பற்றி ஒரு வரிகூட இல்லை. தைலம் அனுப்பட்டுமா?

தம்பி


மே 2

தம்பிக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நானும் அப்படித்தான்.

ஐந்து அறை நிரம்பியிருக்கிறது. எல்லோரும் விளக்குக்காரரைக் கேட்கிறார்கள். எல்லோருமே வருவதற்கு முந்தின நாள் அவரைப் பார்த்திருக்கிறார்கள். பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி சத்தியம் செய்யாத குறைதான். "விளக்கை மாட்டிட்டு நின்னாருங்க, எங்க பக்கமே பாத்த மாதிரி இருந்துச்சு." இத்தனை பேர் பொய் சொல்வார்களா?

அதனால் துறைக்குப் போகத் தொடங்கினேன். அந்தி நேரத்தில், உன் கேமராவில் படாமல், மரத்துக்குப் பின்னால் நிற்கிறேன். வீட்டுக்காரி தன் துறையிலேயே ஒளிந்து நிற்கிறாள் என்று நீ சிரிப்பாய். தண்ணீர் முதலில் ஈயம் போல இருக்கும், பிறகு மேலே வெளிச்சம் போன பின்னும் தண்ணீருக்குள் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கும். அந்த நேரத்தில் எல்லாமே வந்துபோக முடியும் போல இருக்கிறது. அக்கரை நகர்ந்து பக்கத்தில் வருகிறது. துடுப்புச் சத்தம் கேட்கிறது. பார்த்தால் மீன் துள்ளியிருக்கும். நான் அசந்த ஒரு நொடியில் வந்து மாட்டிவிட்டுப் போயிருப்பாரோ என்று கம்பத்தண்டை போவேன். விளக்கு தொங்குகிறது. திங்கட்கிழமை கண்ணாடியைத் துடைத்து வைத்தேன். வெள்ளிக்கிழமையும் புகைக் கறை இல்லாமல் பளிச்சென்று இருந்தது. ஆனால் வியாழக்கிழமை எரிந்ததைப் பார்த்ததாக டீச்சர் சொல்கிறாள்.

நீ சரியாகப் பார்த்துச் சொல்வாய் என்று கேட்கிறேன். அவர் எந்தப் பக்கமாக வருகிறார்? என்ன சட்டை? மாட்டிய பிறகு எங்கே பார்க்கிறார்?

அக்கா


மே 10

அக்காவுக்கு,

நலம். கட்டின பெண்டாட்டி புருஷன் போட்டிருக்கும் சட்டையைத் தம்பியிடம் தபால் போட்டுக் கேட்கிறாள்! கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் தெரியாதா? இருவருக்கும் சண்டையா? சண்டை என்றால் நேராகச் சொல்.

சரி, கேட்டுவிட்டாய். இடது பக்கத்திலிருந்து வருகிறார். சாம்பல் நிறச் சட்டை, ஒரு கை மடித்திருக்கிறது, மறு கை மடிக்கவில்லை. விளக்கை மாட்டுகிறார், திரியைத் தணிக்கிறார், வீட்டைத் திரும்பிப் பார்க்கிறார், போகிறார். பின்னால் ஒரு கொக்கு பறக்கிறது. தினமும் இதேதான். அந்தக் கொக்குகூட நேரம் தவறுவதில்லை.

கையெழுத்து என்ன ஆயிற்று? மேலதிகாரி என் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறார். தைலம் இத்துடன் வருகிறது, காலையும் மாலையும் தேய்க்கச் சொல்.

தம்பி


ஜூன் 21

தம்பிக்கு,

தைலம் வந்தது. அலமாரியில் வைத்திருக்கிறேன்.

அந்தச் சாம்பல் சட்டையும் அலமாரியில்தான் இருக்கிறது. ஒரே சட்டைதான் அந்த நிறத்தில். பிப்ரவரியில் அந்தப் பெருங்காற்று அடித்து ஓய்ந்த காலையில், கொடியில் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. உன் அத்தான் அதை அப்படியே விட்டுவிட்டு, சின்னப் படகை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சண்டை இல்லை. "ஆளுங்க வந்து இறங்கற இடமா பாத்து வேலை தேடிக்கறேன்" என்றார். சாயங்காலம் வந்துவிடுவார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் இல்லை.

இதை உனக்கு எழுத ஒவ்வொரு முறையும் பேனாவை எடுத்தேன். நீயோ ஒவ்வொரு கடிதத்திலும், அவர் இங்கேதான் இருக்கிறார் என்று எனக்கு எழுதிக்கொண்டிருந்தாய். இருக்கிறவரைப் போய்விட்டார் என்று எப்படி எழுதுவது? ஒருவேளை எனக்குத் தெரியாமல் தினமும் துறை வரைக்கும் வந்துபோகிறார், வீட்டுப் படி ஏறத்தான் தயக்கம் என்று நினைத்துக்கொண்டேன். படகுச் சத்தம் இல்லாமல் வர அவருக்குத் தெரியும்.

உன் கடிதம் வந்த அன்று கம்பத்துக்கு நேராகப் போய் நின்றேன். இருட்டும்வரை உன் கேமராவைப் பார்த்துக் கை ஆட்டினேன். உன் கூடத்தில் யாருக்காவது தெரிந்ததா?

நீ எதைக் காட்டிக்கொண்டிருக்கிறாய்?

அக்கா


ஜூன் 25

அக்கா,

நான் நலமாக இல்லை. நீயும் இல்லை என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

யாருக்கும் தெரியவில்லை. பிப்ரவரிக் காற்றில் உங்கள் பக்கத்துக் கருவி செத்துவிட்டது. அப்போது படகு ஓடவில்லை, நான் வர முடியாது. ஒரு வாரம் முடியப் போகிறது, உங்கள் நேரம் போய்விடும். ஜனவரியில் ஒரு மாலை பதிந்து வைத்திருந்தேன். அதையே போட்டுவிட்டேன். பிறகு தினமும் அதே மாலைதான். வெயில் மண்டையைப் பிளக்கிறது, திரையில் பனிமூட்டம். ஒருவன்கூட ஏன் என்று கேட்கவில்லை. படகு ஓடத் தொடங்கியதும் வந்து சரி செய்திருக்க வேண்டும். அறைகள் நிரம்பியதைப் பார்த்துத் தள்ளிப்போட்டேன். உனக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்தேன்.

இன்று மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன். அவர் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. "நல்லாத்தானே போகுது? சீசன் முடியட்டும், பாத்துக்கலாம். யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார்.

நீ சொன்னால் அடுத்த நிமிடம் கழற்றுகிறேன். ஆனால் தெரிந்துகொள். கழற்றினால் நான் வந்து கருவியை மாற்றும்வரை திரை கறுப்பு. நேரம் போகலாம். மறுபடியும் எட்டு அறையும் காலியாகலாம். மே மாதத்தில் உன்னிடம் கேலி பேசினேன், அதை நினைத்தால் இந்தப் பேனாவை உடைக்கத் தோன்றுகிறது.

அத்தான் எங்கே என்று துப்புக் கிடைத்தால் எழுது. நேரில் போய்ச் சட்டையைப் பிடித்துக் கேட்கிறேன்.

தம்பி


ஜூலை 20

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். உடம்பு தேவலை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

சட்டையைப் பிடிக்க வேண்டாம். சட்டை என்னிடம்தானே இருக்கிறது.

போன வாரம் உன் ஊருக்கு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் பக்கத்தில் நின்று விளக்கம் கொடுப்பாய். தனியாகப் பார்க்க நினைத்தேன். கூடம் எவ்வளவு பெரியது! ரயில் புகையும் சனங்களின் பேச்சும் சேர்ந்து அங்கேயும் ஒரு பனிமூட்டம். பெருக்குகிற அம்மா எனக்கு இடம் விட்டு நின்றாள். "இப்ப வந்துருவாருங்க" என்றாள், எனக்குத் தெரியாதது போல.

வந்தார். நம் துறை, நம் விளக்கு, கட்டியிருக்கும் சின்னப் படகு. சட்டைக் கையில் நான் மாற்றித் தைத்த பொத்தான்கூடத் தெரிந்தது. இத்தனை வருடத்தில் அவர் விளக்கு மாட்டுவதை நான் ஒரு நாள்கூட நின்று பார்த்ததில்லை தம்பி. எனக்கு அது செருப்புச் சத்தம்தான். இவ்வளவு பொறுமையாக மாட்டுவார் என்று தெரியாது. பக்கத்தில் யாரோ கை ஆட்டினார்கள்.

அவர் திரும்பிப் பார்த்தார். வீட்டைப் பார்க்கிறார் என்று நீ எழுதியிருந்தாய். இல்லை. உனக்கு அந்த இடம் அவ்வளவு பழக்கமில்லை, அதனால் அப்படித் தெரிந்தது. பாதைதான் வளைந்து இடது பக்கமாக வருகிறது, வீடு வலது பக்கம். அவர் பார்த்தது படகை. கயிறு கட்டியிருக்கும் முளையைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு போனார். ஜனவரியிலேயே கிளம்பிவிட்டார். பிப்ரவரி வரைக்கும் எனக்காகத் தாமதித்திருக்கிறார்.

மறுநாளும் வந்து பார்த்துவிட்டு ரயிலேறினேன். அதே கொக்கு.

கழற்றிவிடு. அறை காலியானால் ஆகட்டும், எனக்குப் படுத்துத் தூங்க எட்டுக் கட்டில் இருக்கிறது. நீ வந்து கருவியை மாற்று. எண்ணெய் வாங்கி வைக்கிறேன்.

அக்கா


செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

புதுக் கருவியை மாட்டிவிட்டுச் சேதமில்லாமல் ஊர் வந்து சேர்ந்தேன், இந்த முறை வயிறும் கூடவே வந்தது. எனக்கு உதவ ஏறிய ஏணியிலிருந்து இறங்கும்போது பிசகிய உன் கணுக்கால் சரியாகிவிட்டதா? தைலம் அலமாரியில் சும்மாதானே இருக்கிறது, தேய்.

நேரம் போகவில்லை. மேலதிகாரி நேற்று கூடத்துக்கே வந்துவிட்டார்.

"விளக்குக்காரர் எங்கய்யா?"

"இல்லை சார்."

"எப்ப வருவாரு?"

"தெரியாது சார்."

"அப்ப இந்தம்மா யாரு?"

"இந்த நிமிடம் அங்க இருக்கறவங்க சார். மேல எழுதியிருக்கோமே."

என்னை முறைத்துவிட்டுப் போனார். பதிவு பாதியாகக் குறைந்திருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் பெருக்குகிற அம்மா உன் கட்சி. "அந்த ஆளு பொம்மை மாதிரி மாட்டினாரு. இந்தப் பொண்ணுக்குக் குச்சி அணைஞ்சு போச்சு, நின்னு திட்டுது பாரு, அதான் நல்லாருக்கு" என்றாள். என்ன திட்டினாய்? வாய் அசைவிலிருந்து என் பெயர் மாதிரி தெரிந்தது.

இன்னொன்று. நேரில் சொல்ல வந்தேன், வாய் வரவில்லை. ஜூலையில் நீ வந்த அன்று கருவி அறைக் கண்ணாடி வழியாக உன்னைப் பார்த்தேன். துணிப் பையோடு நின்றிருந்தாய், முதுகை வைத்தே தெரிந்துவிட்டது. இறங்கி வரவில்லை. வேலை இருந்தது என்று எழுத நினைத்தேன். வேலை எதுவும் இல்லை. படத்தை நிறுத்திவிடலாமா என்று கை சுவிட்சின் மேலேயே இருந்தது. நீ பார்த்து முடிக்கும்வரை அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று விளக்கை மாட்டிவிட்டு, கேமராவைப் பார்த்து ஒரு நிமிடம் சும்மா நின்றாயே, ஏன்? இங்கே சில பேர் கை ஆட்டினார்கள். திரையைப் பார்த்து ஆட்டுவது முட்டாள்தனம் என்று இன்னும் நினைக்கிறேன். நானும் ஆட்டினேன்.

தம்பி


செப்டம்பர் 29

அவசரக்குடுக்கைக்கு,

கணுக்கால் தேவலை. தைலம் தேய்க்கிறேன், நாற்றம் தாங்கவில்லை. அந்த டீச்சர் மறுபடி வந்திருக்கிறாள், இந்த முறை தன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு. மூன்றாம் அறை கொடுத்தேன். தண்ணீர்ச் சத்தம் கட்டிலுக்கு அடியில் கேட்கிறது என்றாள். ஆமாம் என்றேன், இந்த முறை உண்மையாகவே.

திட்டியது உன்னைத்தான். தீப்பெட்டியை ஈரத்தில் வைத்துவிட்டுப் போனது நீ.

ஏன் நின்றேன் என்று கேட்டிருக்கிறாய். அவ்வளவு பெரிய கூடம், நாலு திசைக்கும் ரயில் போகிறது. எத்தனையோ பேர் எங்கெங்கேயோ வேலை தேடி அந்த வழியாகத்தான் போவார்கள், வருவார்கள். கையை ஆட்டலாமா என்று யோசித்தேன், அதற்குள் இருட்டிவிட்டது.

நாளைக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய் ஆட்டுகிறேன். நீ பார்த்தால் பதிலுக்கு ஆட்டு. வேறு யாருக்கு என்று கேட்காதே.

நின்றுகொண்டு சாப்பிடாதே.

அக்கா